ஆகாய வீரர் இந்திரலால் ராய்

கல்கத்தா மாநகரின் பவானிபூர்ப் பகுதியிலே இந்திர ராய் ரோடு என்றொரு வீதி இருக்கின்றது. நமது சங்கக் குடும்பங்களில் அவ்வீதியைக் கடந்து சென்றிராதவர் அரியர். நாம் இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. கடைவீதிக்கும் மருத்துவரிடத்தும் செல்லும்போது எத்தனையோ முறை அந்தப் பெயர்ப் பலகையின் கீழ் நடந்திருக்கின்றோம். ஆயினும், அந்த இந்திர ராய் என்பார் யாவர் என்று ஒரு நாளேனும் வினவினோம் இல்லை. எவரோ ஒரு ஜமீன்தாராகவோ வக்கீலாகவோ இருந்திருக்கக் கூடும் என்று எண்ணி வாளா இருந்துவிட்டோம். அலுவலகத்தில் எமக்கு எதிர் மேசையில் அமரும் வங்காள நண்பர் ஒருவர், ஒரு மாலைப் பொழுதில் தேநீர் அருந்தியவாறு சொல்லக் கேட்ட பின்னரே, அவர் பத்தொன்பது வயதில் ஆகாயத்தில் போரிட்டு மடிந்த ஓர் இளைஞர் என்பதை அறிந்தோம். அறிந்த பின் வெட்கம் பிடுங்கியது. அவரைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை.

முதல் உலகப் பெரும்போர் 1914 முதல் 1918 வரை நடைபெற்றது. தமிழ் மக்களுக்கு அப்போர் என்றதும் நினைவுக்கு வருவது எம்டன் கப்பலே. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிந்தது. துணிச்சலும் தந்திரமும் மிக்கவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கம் அன்று தோன்றி இன்றும் நம் வீடுகளில் வழங்குகின்றது. அப்போரில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் கடல் கடந்து சென்றனர் என்பதும், அவர்களுள் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மீளவில்லை என்பதும் படித்தோர் பலரும் அறிந்ததே. ஆனால் சேற்றுக் குழிகளில் நின்று போரிட்டவர்களுக்கு மேலே, மேகங்களுக்கு நடுவில், இந்தியர் சிலரும் விமானம் ஏறிப் போரிட்டனர் என்பதை அறிந்தோர் சிலரே. அந்தச் சிலருள் முதலிடம் பெறுபவர் இந்திரலால் ராய்.

இவர் 1898 டிசம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் பியாரிலால் ராய், கல்கத்தாவில் பாரிஸ்டராகவும் அரசாங்கக் குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அதிகாரியாகவும் விளங்கியவர். குடும்பத்தின் பூர்விகம் கிழக்கு வங்காளத்துப் பாரிசால் மாவட்டம். தாய்வழிப் பாட்டனார் டாக்டர் சூர்யகுமார் சக்கரவர்த்தி, இங்கிலாந்து சென்று மேல்நாட்டு மருத்துவம் கற்ற முதல் இந்தியர்களுள் ஒருவர். ஆகவே கல்வியும் செல்வமும் கடற்பயணமும் இக்குடும்பத்துக்குப் புதியன அல்ல.

தாயார் லலிதா ராய் அம்மையாரைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கல்வியை முன்னிட்டு அவர் இலண்டனில் குடியிருந்தார். ஆறு குழந்தைகளின் தாய். அந்நிய நாட்டிலே வீட்டோடு ஒடுங்கிக் கிடக்காமல், அங்கிருந்த இந்திய மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் உதவும் சங்கங்களில் முன்னின்று உழைத்தார். 1911 ஜூன் 17ஆம் தேதி, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று பல்லாயிரம் மாதர் இலண்டன் வீதிகளில் ஊர்வலம் சென்றபோது, புடவை அணிந்த இந்திய மாதர் சிலரும் அதில் நடந்து சென்றனர். அவர்களுள் லலிதா ராய் ஒருவர். அந்த நாளில் எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கின்றது. போர் மூண்ட பின், இந்தியச் சிப்பாய்களுக்காக நிதியும் பொருளும் திரட்டும் பணியிலும் அவர் ஈடுபட்டார். வெளியூரில் சங்கம் நடத்துவது எத்தகைய பாடு என்பதை நமது நிர்வாகக் குழுவினர் நன்கறிவர். நூறு ஆண்டுகளுக்கு முன், இலண்டனில், ஓர் இந்தியப் பெண்மணி அதனைச் செய்தார் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

இத்தகைய தாயின் இரண்டாவது மகன் இந்திரலால். மூத்தவர் பரேஷ்லால், பிற்காலத்தில் இந்தியாவில் குத்துச்சண்டைக் கலையை வளர்த்து, அதன் தந்தை என்று போற்றப்பட்டவர். அவரும் அப்போரில் படையிற் சேர்ந்து போர்முனை சென்றார். வீட்டிலே இந்திரலாலின் செல்லப் பெயர் லாடி என்பதாம். இலண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியில் இருந்த செயின்ட் பால்ஸ் பள்ளியில் அவர் பயின்றார். பழமையும் புகழும் வாய்ந்த பள்ளி அது. யந்திரங்களின்மீது அவருக்கு அளவிறந்த மோகம். பள்ளி மாணவராக இருக்கும்போதே, போர்க்குழிகளிலிருந்து குண்டு எறியும் குறும்பீரங்கி ஒன்றைத் தாமே வரைந்து, அவ்வரைபடத்தை இராணுவ இலாகாவுக்கு அனுப்பினார் என்று கூறுவர்.

குழந்தைப் பருவத்திலேயே கல்கத்தாவை விட்டுச் சென்ற பிள்ளை அவர். வீட்டிலே வங்காளி, வெளியிலே ஆங்கிலம். நம் காலனிக் குழந்தைகள் வீட்டில் தமிழும் வீதியில் வங்காளமும் பேசி வளர்வதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். தன் ஊர் எது என்று அப்பிள்ளையை எவரேனும் கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்குமோ? நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அதே கேள்வியைக் கேட்டு, விடை வராமல் நாம் விழித்ததுண்டு.

பதினெட்டு வயது நிரம்பியதும் இந்திரலால் ராயல் பிளையிங் கோர் என்னும் விமானப் படையில் சேர விரும்பினார். அக்காலத்தில் விமானம் என்பது பிறந்து பதினான்கு ஆண்டுகூட நிரம்பாத குழந்தை. ரைட் சகோதரர்கள் முதன்முதல் பறந்தது 1903 டிசம்பரில் அன்றோ? அந்தக் குழந்தையின் முதுகில் ஏறிப் போர் புரியச் சென்ற இளைஞர்களில் பலர் சில வாரங்களிலேயே மாண்டனர். இது தெரிந்தும் அவர் விண்ணப்பித்தார். கண் பார்வையில் குறை இருக்கின்றது என்று கூறி அவரைத் தள்ளிவிட்டனர்.

இவ்விடத்தில் எம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லப் படிப்போர் அனுமதிக்க வேண்டும். நாமும் இளமையில், மெட்ரிக் தேறிய கையோடு, இரயில் ஓடும் பாதையில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையுடன் வந்தவர்தாம். எழுத்துத் தேர்வில் தேறினோம். கண் பரிசோதனையில் தவறினோம். வண்டியை ஓட்டுவோருக்கும் கைகாட்டியைப் பார்ப்போருக்கும் கண்ணாடி இல்லாமலே தூரத்து எழுத்தும் நிறமும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. விதி சரியானதே, ஆயிரம் உயிர்கள் அந்தக் கண்களை நம்பி உறங்குகின்றன. மாற்றுப் பணியாக எழுத்தர் நாற்காலி கிடைத்தது. மறு பரிசோதனை கேட்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் எண்ணி நாம் கேட்கவில்லை. கிடைத்த நாற்காலியில் அமர்ந்தோம், இன்றும் அமர்ந்திருக்கின்றோம்.

இந்திரலால் அவ்வாறு அமரவில்லை. தம்மிடம் இருந்த மோட்டார் சைக்கிளை விற்றார் என்றும், அப்பணத்தைக் கொண்டு இங்கிலாந்தின் தலைசிறந்த கண் மருத்துவர் ஒருவரிடம் சென்று மறுபடியும் பரிசோதனை செய்துகொண்டு, பார்வையில் பழுதில்லை என்ற சான்றுடன் திரும்பி வந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். யந்திரங்களின்மேல் உயிரையே வைத்திருந்த இளைஞர் ஒருவர் தம் மோட்டார் சைக்கிளை விற்பது எளிய செயல் அன்று. முன்னர்த் தள்ளியவர்கள் பின்னர் ஏற்றுக்கொண்டனர். 1917 ஏப்ரல் 4ஆம் தேதி அவர் படையிற் சேர்ந்தார். ஜூலை 5ஆம் தேதி செகண்டு லெப்டினண்ட் பதவி வழங்கப்பட்டது.

இப்பதவியின் அருமையை இன்றைய இளைஞர் உணர்தல் கடினம். அக்காலத்து இந்தியப் படையில் ஓர் இந்தியர் எத்துணை ஆண்டுகள் உழைத்தாலும் சுபேதார், ஜமேதார் என்ற நிலைகளோடு நிற்க வேண்டியதுதான். போரிடும் பிரிவுகளில் அரசரின் பெயரால் வழங்கப்படும் அதிகாரி பதவி வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. அந்தக் கதவு இந்தியருக்குச் சிறிது திறக்கப்படும் என்று பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்ததே 1917 ஆகஸ்டில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே பதினெட்டு வயது வங்காள இளைஞர் ஒருவர் விமானப் படையில் அதிகாரியாக நின்றார்.

பிரான்சு நாட்டு வாந்தோம் என்னுமிடத்தில் பறக்கும் பயிற்சியும், ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றபின், 1917 அக்டோபர் 30ஆம் தேதி அவர் 56ஆம் ஸ்குவாட்ரனிற் சேர்க்கப்பட்டார். அந்தப் பிரிவு பிரிட்டிஷ் விமானப் படைக்கே மணிமுடி போன்றது. ஆல்பர்ட் பால் என்ற புகழ் பெற்ற வீரர் அதிலிருந்தே அவ்வாண்டு மே மாதம் பறந்து சென்று மடிந்தார். இந்திரலால் சேர்ந்த சமயத்தில் ஜேம்ஸ் மக்கடன் அங்கு இருந்தார். இந்திரலாலுக்கு நேர் தலைவராக வாய்த்தவர் காப்டன் ரிச்சர்டு மேபெரி.

அவர்கள் ஓட்டிய விமானத்தின் பெயர் எஸ். ஈ. 5ஏ. அதைப் பற்றி நம் காலனிச் சிறுவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விடையாகச் சிலவற்றைச் சொல்லுகின்றோம். மரச் சட்டங்களின்மீது துணியை இழுத்துப் போர்த்தி, வார்னிஷ் போன்ற ஒரு மருந்தைப் பூசி இறுக்கிய உடல். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள். எட்டு சிலிண்டர்கள் கொண்டு நீரால் குளிர்விக்கப்படும் என்ஜின். மணிக்கு 120 மைலுக்கு மேற்பட்ட வேகம். உள்ளே ஒருவருக்கே இடம். தலைக்கு மேல் கூரை கிடையாது. பதினையாயிரம் அடிக்கும் மேலே, மூச்சு முட்டும் உயரத்தில், பனிக்காற்று முகத்தில் அறைய உட்கார்ந்திருக்க வேண்டும். பாரச்சூட் உண்டா என்று சிறுவர்கள் கேட்பார்கள். பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அப்போர் முடியும் வரை பாரச்சூட் கொடுக்கப்படவே இல்லை. விமானம் தீப்பற்றினால் அதனுடன் எரிய வேண்டும், அல்லது குதித்து இறக்க வேண்டும்.

அதில் துப்பாக்கிகள் இரண்டு. ஒன்று விக்கர்ஸ், என்ஜினுக்குப் பின்னால் பொருத்தப்பட்டு, சுழலும் விசிறியின் அலகுகளுக்கு இடையே சுடுவது. சுழலும் விசிறியில் குண்டு படாமல் எவ்வாறு சுடுவது என்று ஐயம் எழலாம். ருமேனிய நாட்டுப் பொறியியலாளர் கான்ஸ்டன்டினெஸ்கோ அமைத்த ஒரு கருவி, என்ஜினின் சுழற்சியை எண்ணெய் அழுத்தத்தின் மூலம் துப்பாக்கிக்குத் தெரிவித்து, அலகு விலகிய நொடியில் மட்டும் குண்டு வெளிவருமாறு செய்தது. மற்றொன்று லூயிஸ், மேல் இறக்கைக்கு மேலே நிற்பது. அதன் குண்டுத் தட்டு தீர்ந்துவிட்டால், ஓட்டும் தண்டை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, வளைந்த தண்டவாளம் ஒன்றின் வழியே துப்பாக்கியைக் கீழே இழுத்து, உறை பூண்ட கைகளால் புதுத் தட்டை மாட்ட வேண்டும். இத்தனையும் எதிரி பின்னால் வந்து சுடும்போது!

அங்குச் சேர்ந்து ஐந்து வாரங்கள் நிரம்பின. 1917 டிசம்பர் 6ஆம் தேதி இந்திரலாலின் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. அவர் படுகாயமுற்றார். இவ்விபத்தைக் குறித்து ஒரு கதை வழங்குகின்றது. உணர்விழந்து கிடந்த அவரை இறந்தவர் என்று கருதிப் பிண அறையில் கிடத்திக் கதவைப் பூட்டிவிட்டனராம். நள்ளிரவில் விழித்த அவர் கதவைத் தட்டிக் கூவினாராம். அங்கிருந்த பணியாளர் பேய் என்று அஞ்சி, பொழுது விடியும் வரை திறக்கவில்லையாம். இக்கதையை அப்படியே ஏற்பதா என்பதை வாசகருக்கே விட்டுவிடுகின்றோம். ஆனால் சாவின் வாயில் வரை சென்று திரும்பியவரைப் பற்றி இத்தகைய கதை பிறத்தல் இயல்பே.

மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவர் செய்தது என்ன தெரியுமா? படம் வரைந்தார். பென்சிலால் விமானங்களையே மீண்டும் மீண்டும் வரைந்தார். பறக்கும் விமானம், போரிடும் விமானம், வீழும் விமானம். அச்சித்திரங்கள் சில அழியாமல் காக்கப்பட்டிருக்கின்றன.

குணமான பின், இனி இவர் பறத்தற்குத் தகுதியற்றவர் என்று மருத்துவர் எழுதினர். தளவாடங்களைக் கவனிக்கும் அதிகாரியாக அமர்த்தப்பட்டார். அஃதாவது, உதிரிப் பொருள்களின் கணக்கு! எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம், மீதி எவ்வளவு என்று பேரேட்டில் எழுதும் வேலை. எமக்கு அது தினமும் பழகிய வேலை. அதிலும் ஒரு நேர்மையும் நிம்மதியும் உண்டு என்று சொல்லுவோம். ஆனால் அவ்விளைஞருக்கு அது சிறையாக இருந்திருக்கும். இதற்கிடையில் மேபெரி டிசம்பர் 19ஆம் தேதியே போரில் மடிந்துவிட்டார். இந்திரலால் விபத்துக்குள்ளான பதின்மூன்றாம் நாள் அது. தலைவர் போனார், தோழர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சென்றனர். கணக்கு எழுதிக்கொண்டு பத்திரமாக இருக்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவரைக் குறை கூறுவோர் எவரும் இல்லை. எனினும், மேலதிகாரிகளை விடாது வேண்டி மறுபடியும் பரிசோதனை செய்வித்துக்கொண்டு, பறக்கத் தகுதியுடையவர் என்ற தீர்ப்பை இரண்டாம் முறையாகப் பெற்றார். 1918 ஜூன் மாதம் 19ஆம் தேதி பிரான்சிலிருந்த 40ஆம் ஸ்குவாட்ரனில் வந்து சேர்ந்தார். அதற்குள் படையின் பெயரும் மாறிவிட்டது. 1918 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அது ராயல் ஏர் போர்ஸ்.

இம்முறை அவருக்குத் தலைவராக வாய்த்தவர் காப்டன் ஜார்ஜ் மக்கெல்ராய். அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவர். எதிரியை வேட்டையாடுவதில் நிகரற்றவர். ஆங்கிலேயரின் ஆட்சியிலிருந்த இரு நாடுகளின் பிள்ளைகள், ஒருவர் தலைவராகவும் ஒருவர் தொண்டராகவும், ஆங்கிலேயரின் படையிலே அருகருகே பறந்தனர். விதியின் விளையாட்டை என்னென்பது!

இனி அந்த நாட்களுக்கு வருவோம்.

1918 ஜூலை 6ஆம் தேதி, துரோக்கூர் என்னும் ஊருக்கு மேலே, ஹானோவர் வகை ஜெர்மன் விமானம் ஒன்றை இந்திரலால் வீழ்த்தினார். அது இருவர் அமரும் விமானம். பின்னிருக்கையில் உள்ளவர் பின்புறமாகச் சுடுவார். ஆகையால் பின்னால் சென்று தாக்குவது ஆபத்து. இதுவே அவருடைய முதல் வெற்றி. இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, நான்கு மணி நேரத்துக்குள் மூன்று விமானங்கள்: இரண்டு ஹானோவர், ஒன்று போக்கர் டி.7. இந்தப் போக்கர் டி.7 அவ்வாண்டு வசந்தகாலத்தில் போர்முனைக்கு வந்த புதுமை. ஜெர்மானியர் செய்த போர் விமானங்களில் தலைசிறந்தது அதுவே என்பர் வல்லுநர். அடுத்து, 13ஆம் தேதி இரண்டு. 15ஆம் தேதி இரண்டு. அவை இரண்டும் போக்கர் டி.7. 18ஆம் தேதி ஒன்று. 19ஆம் தேதி ஒன்று. ஆக மொத்தம் பத்து.

பதின்மூன்று நாளில் பத்து விமானங்கள் என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணினால் பதினான்கு வருமே என்று எம் கணக்குப் புத்தி குறுக்கிட்டது; அதனால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பத்திலும் ஐந்து, அழிந்தது என்று உறுதி செய்யப்பட்டவை; மற்ற ஐந்து, கட்டுப்பாடிழந்து கீழே சென்றவை. இரண்டு வெற்றிகள் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளப்பட்டவை. அக்காலத்து விமானப் படை இத்துணை நுணுக்கமாகக் கணக்கு வைத்திருந்தது கண்டு நாம் வியந்தோம். ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை ஏஸ் என்று பாராட்டுவது வழக்கம். அப்போரில் அப்பெயருக்கு உரியவராக நூல்கள் குறிப்பிடும் இந்தியர் இந்திரலால் ஒருவரே.

ஆறு மாதத்துக்கு முன் பறக்கத் தகாதவர் என்று தள்ளப்பட்டவர், தேர்ந்த விமானிகளும் திணறிய அந்தக் கோடையில் இதைச் செய்தார். எவ்வாறு என்பதற்கு எம்மிடம் விடை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து விமானங்களை வரைந்த நாட்களில் அவற்றின் ஒவ்வொரு அசைவையும் மனத்திலே பறந்து பார்த்திருப்பார் என்று எண்ணுகின்றோம். மக்கெல்ராய் போன்ற குரு வாய்த்ததும் ஒரு காரணமாகலாம்.

1918 ஜூலை 22ஆம் தேதி, திங்கட்கிழமை, கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் 29ஆம் வேட்டைப் பிரிவைச் சேர்ந்த போக்கர் டி.7 விமானங்களுடன் போர் மூண்டது. அதில் இந்திரலாலின் விமானம் வீழ்ந்தது. அவர் இறந்தார். வயது பத்தொன்பது ஆண்டு, ஏழு மாதம், இருபது நாள். கடைசி வெற்றிக்குப் பின் மூன்று நாள்.

ஜெர்மன் வீரர் ரிக்ட்ஹோபன் அவர் வீழ்ந்த இடத்தில் மலர் வளையம் இட்டுச் சென்றார் என்று சிலர் எழுதுவதுண்டு. கேட்க இனிமையான கதை. ஆனால் ரிக்ட்ஹோபன் அதற்கு மூன்று மாதம் முன்பே, ஏப்ரல் 21ஆம் தேதி, போரில் மாண்டுவிட்டார். ஒரு மெய்யான வீரருக்கு இத்தகைய பொய்யான அணிகலன் எதற்கு என்பதே எம் கருத்து.

அந்தக் கோடை எவரையும் விட்டுவைக்கவில்லை. ஜூலை 9ஆம் தேதி மக்கடன் இறந்தார். ஜூலை 31ஆம் தேதி மக்கெல்ராய் இறந்தார். மாணவர் மறைந்த ஒன்பதாம் நாள் குருவும் மறைந்தார்.

1918 செப்டம்பரில் இந்திரலாலுக்கு டிஸ்டிங்விஷ்டு பிளையிங் கிராஸ் என்னும் வீர விருது அறிவிக்கப்பட்டது. அவ்விருது தோன்றியதே அவ்வாண்டு ஜூன் மாதத்தில். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

அந்நாளில் பறந்த மற்ற இந்தியரையும் மறத்தல் ஆகாது. ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கியர், தலைப்பாகையின்மேல் பெரிய தலைக்கவசம் அணிந்து பறந்தார். காலில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். சுதந்தர இந்தியாவின் தூதராகப் பிரான்சுக்கே சென்றார். 1985 வரை வாழ்ந்தார். பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர் 1918 ஜூன் மாத இறுதியில் மடிந்தார். ஏரல் சந்தர் சென் என்னும் வங்காளியார் 1917இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார்.

இக்கட்டுரையின் முதற் படியை நம் சங்க நண்பர்களிடம் படித்துக் காட்டியபோது ஒருவர் ஒரு வினா எழுப்பினார். நம்மை அடிமைப்படுத்திய அரசனுக்காகச் சண்டையிட்டவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்பது அவர் கேள்வி. அதை எளிதாகத் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. பல நாள் எண்ணினோம். இந்திரலால் போக்கர் விமானங்களோடு போரிட்ட அதே கோடையில், காந்தியடிகள் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து, அதே போருக்கு ஆள் சேர்க்க முயன்றார். போரில் துணை நின்றால் சுயாட்சி வரும் என்று தலைவர்களே நம்பிய காலம் அது. இந்திரலால் இறந்து ஒன்பது மாதம் ஆகுமுன், 1919 ஏப்ரல் 13ஆம் தேதி, ஜாலியன்வாலா பாக்கில் அந்த நம்பிக்கை சுடப்பட்டு வீழ்ந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? மக்களுடன் நின்றிருப்பாரா, சீருடையுடன் நின்றிருப்பாரா? பத்தொன்பது வயதில் முடிந்த வாழ்வைக் கொண்டு அதை எவராலும் சொல்ல இயலாது. அவர் அரசனுக்காகப் பறந்தார் என்பதைவிட, பறப்பதற்காகவே பறந்தார் என்று எமக்குத் தோன்றுகின்றது. நண்பர் இதை முற்றும் ஒப்பவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

ஒன்று மட்டும் உண்மை. இந்தியனுக்கு யந்திரத்தை ஆளும் அறிவும் ஆகாயத்தில் நிற்கும் துணிவும் உண்டா என்று ஐயுற்றோர்க்கு எதிரே அந்தப் பத்து வெற்றிகளும் சாட்சியாக நின்றன. இந்திய விமானப் படை 1932 அக்டோபர் 8ஆம் தேதி பிறந்தது. அதன் முதல் அதிகாரிகளுள் ஒருவராகச் சேர்ந்து, 1954இல் அப்படைக்கே தலைவரான முதல் இந்தியர் சுப்ரதோ முகர்ஜி. அவர் இந்திரலாலுக்கு மருமகன் முறையினர் என்று சொல்லப்படுகின்றது. நூற்றாண்டை ஒட்டி, 1998 டிசம்பரில், இந்தியத் தபால் இலாகா இந்திரலாலின் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

அவர் உடல் பிரான்சு நாட்டிலே எஸ்தவெல் என்னும் சிற்றூரின் பொது இடுகாட்டில் இருக்கின்றது. கல்லறைமீது இரு மொழிகளில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒன்று அந்த மண்ணின் மொழியாகிய பிரெஞ்சு. மற்றொன்று வங்காளம். இது ஒரு பெருவீரனின் சமாதி, இதனை வணங்குக, தீண்டாதே என்னும் பொருள்படத் தாய்மொழி எழுத்துகள் அங்கே நிற்கின்றன. அந்த ஊரில் அவற்றைப் படிப்பார் யார்? வழிப்போக்கர் எவருக்கும் அவை கோலம் போலத்தான் தோன்றும். எனினும், ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆங்கிலச் சீருடையில் மடிந்த அப்பிள்ளையின் தலைமாட்டில் வங்காள எழுத்து இருக்க வேண்டும் என்று அக்குடும்பத்தினர் எண்ணியிருக்கின்றனர். இதைப் படித்த இரவு எமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

சென்ற ஞாயிறன்று, சங்கத்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும், எம் இளைய மகளை அழைத்துக்கொண்டு பவானிபூர் சென்றோம். இந்திர ராய் ரோட்டின் பெயர்ப் பலகையைக் காட்டினோம். அதிலிருந்த வங்காள எழுத்துகளை அவள் தடையின்றிப் படித்தாள். பின் கையிலிருந்த தமிழ் நோட்டைத் திறந்து, அந்தப் பெயரைத் தமிழில் எழுத முயன்றாள். ராய் என்பதற்கு இடையின ரகரமா வல்லின றகரமா என்று எம்மைக் கேட்டாள். சொன்னோம். எழுதிக்கொண்டாள்.